பிறந்த தேதிப் பலன்: குழந்தைகளையாவது விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வெளிவரும், பிறந்த தேதியைக் கொண்டு பிள்ளைகளின் குணத்தைச் சொல்லும் பகுதியைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தேதியின் இலக்கங்களை ஒற்றை எண்ணாகக் கூட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கிரகத்தை அதிபதியாக்கி, அந்த எண்ணில் பிறந்த குழந்தையின் சுபாவம் என்ன, அதற்கு எந்தப் படிப்பு ஏறும், யாரோடு அது ஒத்துப்போகாது என்றெல்லாம் அப்பகுதி விவரிக்கிறது. ராசிபலனைத் தமிழ்ப் பத்திரிகைகள் தலைமுறைகளாக வெளியிட்டு வருகின்றன. காலைக் காப்பியோடு அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதும் மறந்துவிடுகிறவர்களே அதிகம் என்பதால் அதன்மீது எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. ஆனால் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளையைப் பற்றி, இவனுக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது, இவள் யார் சொல்லையும் கேட்கமாட்டாள் என்று அச்சில் தீர்ப்பு எழுதுவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. தம்மைப் பற்றி எழுதியிருப்பதை ஒரு பெரியவர் ஏற்கலாம், சிரித்துவிட்டுத் தள்ளலாம். பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. படிப்பவர்கள் பெற்றோர், படித்ததன்படி நடத்தப்படுவதோ பிள்ளை.

அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது கற்பனையான கவலை அல்ல என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், பழைய சைக்கிள் டைனமோவையும் எண்ணெய் டின்னில் வெட்டிய தகரத் துண்டுகளையும் கொண்டு சிறிய காற்றாலை ஒன்றைச் செய்து, மேசை விசிறியின் முன்னால் வைத்து விளக்கையும் எரியவைத்துக் காட்டினான். மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு அவனையே அனுப்புவது என்று முடிவு செய்திருந்த நிலையில், அவனுடைய தாயார் என்னைப் பார்க்க வந்தார். "சார், இவனுக்கு எட்டாம் நம்பர். முன்னால போயி நின்னா தடங்கல்தான் வரும்னு போட்டிருக்கான். கூட ஒரு பையனை அனுப்பி, அவன் பேர்ல குடுத்துடுங்க, இவன் பின்னால இருந்து செஞ்சு குடுக்கட்டும்" என்றார். பையனும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் பிறந்தது ஒரு 26-ஆம் தேதி. விடை தெரிந்தும் வகுப்பில் ஏன் கையைத் தூக்குவதில்லை என்று அறிவியல் ஆசிரியை முன்பொரு முறை கேட்டபோது, "நான் எட்டு, மிஸ்" என்று வருகைப் பதிவெண்ணைச் சொல்வதுபோல் அவன் சொன்னானாம். அந்தத் தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வந்ததை நம்ப வேண்டும் என்றுதானே நாங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தோம்.

எட்டு என்றால் சனி, சனி என்றால் தாமதம், தடை, தனிமை என்பது இத்துறையில் எழுதுகிறவர்களின் வழக்கமான வாய்பாடு. வண்டியின் பதிவெண்ணைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காத்திருப்பவர்களும், பெண் பிறந்தது 17-ஆம் தேதி என்று தெரிந்ததும் ஜாதகத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. மாதந்தோறும் 8, 17, 26 ஆகிய மூன்று தேதிகள் என்றால் ஆண்டுக்கு 36 நாள்கள். பிறப்புகள் எல்லா நாள்களிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 7.21 கோடிப் பேர் வாழ்ந்த தமிழ்நாட்டில் ஏறத்தாழ 71 லட்சம் பேர் எட்டாம் எண்ணுக்காரர்கள். முதல் எண்ணுக்கு 1, 10, 19, 28 என்று நான்கு தேதிகள் கிடைத்துவிடுவதால், சூரியனின் பிள்ளைகள் 95 லட்சம் பேர். சனியைவிடச் சூரியனுக்கு 24 லட்சம் பேர் கூடுதலாகச் சேர்ந்திருப்பது வானத்தின் ஏற்பாடு அல்ல, மாதத்துக்கு 28 நாளுக்குக் குறையாமல் வைத்த நாள்காட்டியின் ஏற்பாடு. இந்த 71 லட்சம் பேரில் மளிகைக் கடைக்காரர், மருத்துவர், கள்ளச்சாவி போடுகிறவர், கர்நாடக இசை வித்வான் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் அனைவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பெயர் தெரிந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். தந்தை பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. பிரதமர் நரேந்திர மோடி பிறந்தது 1950 செப்டம்பர் 17. தேதி மட்டுமல்ல, மாதமும் ஒன்றே. இவ்விருவரும் ஒரே குணத்தவர் என்று யாராவது சொன்னால், இருவரின் ஆதரவாளர்களும் ஒரே குரலில் மறுக்கும் அபூர்வமான கருத்தாக அதுதான் இருக்கும். எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17-ல் பிறந்தவர். திரையிலும் அரசியலிலும் அவர் எட்டிய உயரத்தை வைத்துப் பார்த்தால் எட்டாம் எண்ணைத் தேடிப்பிடித்து வாங்க வேண்டும். அன்னை தெரசா பிறந்தது 1910 ஆகஸ்ட் 26. இந்த நால்வரையும் ஒரு வரியில் அடக்கும் சொல்லைத் தேடினால் "உழைப்பாளிகள்" என்பது போன்ற ஏதாவதுதான் கிடைக்கும். அதற்கு எண் கணிதம் தேவையில்லை.

ஆறாம் எண் இதைவிடச் சுவையானது. ஆறுக்கு அதிபதி சுக்கிரன். அந்த எண்ணில் பிறந்தவர்கள் நல்ல உடை, வாசனைத் திரவியம், அழகிய வீடு, இல்லற சுகம் ஆகியவற்றில் நாட்டமுடையவர்கள், கையில் காசு தங்காது என்றெல்லாம் எழுதப்படுவதைப் பலரும் படித்திருப்பார்கள். காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. அப்துல் கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. ஒன்றும் ஐந்தும் ஆறு. இருவருமே மணம் செய்துகொள்ளாதவர்கள். இருவரின் எளிமையையும் பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். காமராஜர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகவே கொண்டாடுகிறோம். அறிஞர் அண்ணாவும் 1909 செப்டம்பர் 15-ல் பிறந்தவர்தான். அவர் குடும்பஸ்தர், எழுத்தாளர், நாடகக்காரர் என்பதால் அவரை மட்டும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் ஒதுக்கிவிடுவது எளிது. இல்லையென்றால் "ஆறாம் எண்ணுக்காரர்கள் மக்களைக் கவர்வார்கள்" என்று வேறொரு வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் எண்ணுக்குச் சந்திரன் என்பதால் சலனமும் பயமும் கூடவே வரும் என்பார்கள். 1869 அக்டோபர் 2-ல் பிறந்த காந்தியடிகளிடமும் 1882 டிசம்பர் 11-ல் பிறந்த பாரதியாரிடமும் பயத்தை எங்கே போய்த் தேடுவது?

இவ்வாறு எடுத்துக்காட்டினால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. தேதியை மட்டும் பார்த்தால் போதாது, தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் கூட்டி வரும் விதி எண்ணைப் பார்க்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் பெயர் எண். அதற்குப் பிறகு ஜாதகமும் தசாபுத்தியும் இருக்கவே இருக்கின்றன. இத்தனை வாசல்கள் உள்ள வீட்டில் எந்தக் குணமும் வெளியே நிற்க நேராது என்பது உண்மைதான். ஆயினும் விதி எண்ணும் உதவாத இடம் ஒன்று உண்டு. சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் பிறந்தது ஒரே ஆண்டின் ஒரே நாள், 1809 பிப்ரவரி 12. தேதியை மட்டும் கூட்டி வரும் பிறவி எண் மூன்று, விதி எண் ஐந்து, இருவருக்கும் எல்லாமே ஒன்று. ஒருவர் இங்கிலாந்தில் வசதியான மருத்துவர் வீட்டுப் பிள்ளை. தம் கருத்தை அச்சிடவே பல்லாண்டுகள் தயங்கியவர், மேடை விவாதங்களை நண்பர்களிடம் விட்டுவிட்டுக் கிராமத்து வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தவர். மற்றவர் கென்டக்கியின் மரக் குடிசையில் பிறந்து, ஒழுங்கான பள்ளிப் படிப்பே இல்லாமல் வழக்கறிஞராகி, மேடைப் பேச்சால் உயர்ந்து, உள்நாட்டுப் போரை முன்னின்று நடத்தியவர். இருவருமே அடிமை முறையை வெறுத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எண் கணிதர் பிடித்துக்கொள்ளப்போவது அந்த ஒன்றைத்தான்.

இது நம் முன்னோர் விட்டுச்சென்ற கலை என்று தங்கள் பகுதியின் முதல் வாரத்தில் எழுதப்பட்டிருந்தது. இன்று தமிழில் வழங்கும் பிறந்த தேதிப் பலன்களின் சட்டகம் பெரும்பாலும், அயர்லாந்தில் 1866 நவம்பர் 1-ல் பிறந்து, கீரோ என்ற புனைபெயரில் கைரேகையும் எண்ணும் பார்த்துப் புகழ்பெற்ற வில்லியம் ஜான் வார்னரின் வழியாக வந்தது. அது பண்டைய பாபிலோனியாவில் வாழ்ந்த கல்தேயரின் பழம்பெரும் முறை என்று அவர் சொன்னார். ஆனால் நான்காம் எண்ணுக்கு அவர் வைத்த கோள் யுரேனஸ். ஏழாம் எண்ணுக்கு நெப்டியூன். யுரேனஸ் ஒரு கோள் என்பது வில்லியம் ஹெர்ஷல் 1781-ல் தொலைநோக்கியால் கண்டபின் தெரிந்தது. நெப்டியூன் கண்டறியப்பட்டது 1846-ல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்தேயர், தாங்கள் அறிந்தேயிராத இரண்டு கோள்களை எப்படி எண்களுக்கு அதிபதியாக்கினார்கள் என்பதை அவர் விளக்கவில்லை. நம் ஊருக்கு வந்தபோது அந்த இரண்டையும் இறக்கிவிட்டு ராகுவையும் கேதுவையும் ஏற்றினார்கள். ஆள் மாறியும் குணப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. நான்காம் எண் அன்றும் எதிர்வாதம் பேசியது, இன்றும் பேசுகிறது.

இலக்கங்களைக் கூட்டும் முறையே எப்போது தோன்றியிருக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். பதினேழை 17 என்று எழுதினால்தான் ஒன்றும் ஏழும் எட்டு. பாபிலோனியர் எண்களை எழுதியது அறுபதை அடியாகக் கொண்ட முறையில். பழந்தமிழில் பதினேழு என்பது ௰௭, அதாவது பத்து, ஏழு. அதைக் கூட்டினால் மறுபடியும் பதினேழுதான் வரும், எட்டு வராது. தமிழ் எண்களில் கணக்கு எழுதிய காலத்தில் ஒருவரை யாரும் எட்டாம் எண்ணுக்காரர் ஆக்கியிருக்க வழியில்லை. மேலும், அக்காலத்தில் பிறந்த நாள் என்பதே மாதமும் நட்சத்திரமும்தான். தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தன்று விழா எடுக்கிறோமே, அந்த ராஜராஜ சோழனுக்கு ஆங்கிலத் தேதி கிடையாது. பிறவி எண் இல்லாமலேயே அவர் பெரிய கோயிலைக் கட்டி முடித்தார்.

இனி, அந்தத் தேதிக்கே வருகிறேன். பள்ளியில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய அரசுப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, ஐம்பது, அறுபதுகளில் சேர்ந்தவர்களின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து பிரசவித்ததுபோல் தேதிகள் குவிந்திருக்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பனாருக்கு, "ஆடிப் பெருக்கு முடிஞ்சு ரெண்டு நாள், பெரிய மழை வந்த வருஷம்" என்ற அளவில்தான் பிறப்பு நினைவிருந்தது. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயது ஐந்து நிரம்பும்படி ஆசிரியர் ஒரு தேதியைப் போட்டார். அதுவே பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும், பணிப் பதிவேட்டிலும், ஓய்வூதிய ஆணையிலும், இப்போது ஆதார் அட்டையிலும் ஏறி நிற்கிறது. நாடு முழுமைக்கும் பொதுவான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். இன்று எழுபது வயதைக் கடந்தவர்களில் எத்தனையோ பேருக்கு, சூரியனின் முதல் எண்ணான ஜூன் 1-ஐ வழங்கியது வானம் அல்ல, மையில் தொட்டு எழுதும் பேனாவோடு உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியார். அவர்களும் தங்கள் தேதிக்குரிய பலனைப் படித்து, "அப்படியே என்னைச் சொன்ன மாதிரி இருக்கு" என்று வியக்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

பெரிய பதவியில் இருந்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. இராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங் பிறந்தது 1950 மே 10-ஆ, 1951 மே 10-ஆ என்பது 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. முதல் தேதியின்படி விதி எண் மூன்று, இரண்டாவதின்படி நான்கு. இரண்டு ஆவணங்களிலும் இருந்தவர் ஒரே மனிதர். இளையராஜா பிறந்தது ஜூன் 3 என்றும், அது கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாள் என்பதால் தம் பிறந்த நாளை ஜூன் 2-ஆகக் கொண்டாடுகிறார் என்றும் பரவலாக எழுதப்பட்டுள்ளது. குருவின் எண்ணை விட்டுவிட்டுச் சந்திரனின் எண்ணுக்கு மாறியதால் அவருடைய இசையில் எந்தக் குறையும் நேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. நாள்காட்டியே மாறிய கதையும் உண்டு. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் 1752-ல் பழைய நாள்காட்டியைக் கைவிட்டபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அதனால் பிப்ரவரி 11-ல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள் பிப்ரவரி 22 ஆகிவிட்டது. இருபது வயதில் அவர் இரண்டாம் எண்ணிலிருந்து நான்காம் எண்ணுக்குப் போனார். இவையெல்லாம் போக, நம் வழக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில்; ஆங்கிலத் தேதி மாறுவது நள்ளிரவில். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு எந்த எண் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

இக்காலத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்கவும் செய்கிறோம். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கின்றன. அவற்றில் மிகப் பல தாயின் அல்லது சேயின் நலன் கருதிச் செய்யப்படுபவையே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வந்து மருத்துவரிடம் நீட்டும் குடும்பங்களை மருத்துவமனைகளில் இருப்போர் அறிவார்கள். எட்டு வேண்டாம் என்று ஒரு நாள் முன்னதாகவோ, ஒன்று வேண்டும் என்று நான்கு நாள் முன்னதாகவோ எடுக்கச் சொல்வதில் ஆபத்து இல்லாமலில்லை. 39 வாரம் நிறைவதற்குமுன் காரணமின்றி அறுவைச் சிகிச்சையால் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. குணத்தைத் தேதி தீர்மானிக்கிறது என்ற பேச்சு, கருவில் இருக்கும் பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை.

பிறகு ஏன் இந்தப் பலன்கள் இவ்வளவு பொருந்துவதுபோல் தோன்றுகின்றன என்ற கேள்விக்கு 1948-லேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வை நடத்திவிட்டு, தனித்தனியே மதிப்பிட்டதாகச் சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். தாளில் இருப்பது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. பிறர் உங்களை மதிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், சில சமயம் கலகலப்பாகவும் சில சமயம் ஒதுங்கியும் இருப்பீர்கள் என்பது போன்ற வரிகள் யாருக்குத்தான் பொருந்தாது? தங்கள் பகுதியில் ஏதேனும் ஓர் எண்ணுக்குரிய பத்தியை வேறோர் எண்ணின் தலைப்பில் மாற்றி அச்சிட்டுப் பார்த்தால், ஒரு வாசகராவது பிழை என்று எழுதுவாரா என்பது எனக்கு ஐயமே.

முறையான சோதனைகளும் நடந்துள்ளன. வானியலறிஞர் ஜெயந்த் நார்லிகரும் அவருடைய நண்பர்களும் 2008-ல் மகாராஷ்டிரத்தில் ஜாதகங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், அறிவுத்திறன் குறைபாடுடைய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, யார் எந்தப் பிரிவு என்று சொல்லும்படி ஜோதிடர்களிடம் கொடுத்தார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 கிடைத்திருக்கும். அச்சோதனையை நடத்தியவர்களில் ஒருவரான நரேந்திர தாபோல்கர் பிறந்தது 1945 நவம்பர் 1, அதாவது கீரோ பிறந்த அதே தேதியும் மாதமும். ஒருவர் எண் பலன் சொல்லி உலகைச் சுற்றினார். மற்றவர் மூடநம்பிக்கையை எதிர்த்து வாழ்ந்து, 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறந்த தேதிக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நேராகவே ஆராய்ந்து, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2006-ல் வெளியான ஓர் ஆய்விலும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசெங்க் கண்ட ஒன்று. எழுபதுகளில் அவரும் சிலரும் ஆராய்ந்தபோது, ராசிக்கும் குணத்துக்கும் சிறிய தொடர்பு இருப்பதுபோல் முதலில் தெரிந்தது. ஜோதிடர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, தங்கள் ராசிக்கு என்ன குணம் சொல்லப்படுகிறது என்று முன்பே அறிந்திருந்தவர்களிடம்தான் அந்தத் தொடர்பு இருந்தது, அறியாதவர்களிடம் இல்லை. தேதி குணத்தைத் தரவில்லை, தேதியைப் பற்றிப் படித்ததுதான் தங்களைப் பற்றி அவர்கள் சொல்லும் விதத்தை மாற்றியிருக்கிறது. நன்கு வளர்ந்த பெரியவர்களுக்கே இப்படியென்றால், தன்னை யார் என்று இன்னும் அறிந்துகொள்ளாத ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் எண்ணைச் சொல்லி வளர்ப்பது என்ன செய்யும் என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

பிறந்த தேதி ஒரு பிள்ளையின் வாழ்வில் உண்மையாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்தப் பலன் பகுதியும் எழுதுவதில்லை. நம் மாநிலத்தில் பள்ளிச் சேர்க்கைக்கான வயது ஜூலை 31-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆண்டு ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஐந்து வயதில் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய பிள்ளை பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும், ஓரிடத்தில் உட்காரும், ஓட்டத்தில் முந்தும். சின்னப் பிள்ளை தடுமாறும். கனடாவில் ஜனவரி முதல் தேதியை எல்லையாக வைத்து வயதுப் பிரிவு செய்யும் ஐஸ் ஹாக்கியில், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே முன்னணி அணிகளில் அதிகம் இருப்பதை 1985-லேயே எடுத்துக்காட்டினார்கள். அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் நடந்து 2012-ல் வெளியான பெரிய ஆய்வு இதைவிட வருத்தம் தருவது. அங்கே வகுப்பில் மிக இளையவர்களான டிசம்பர்க் குழந்தைகளை, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட கோளாறு உள்ளவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிவது, ஜனவரிக் குழந்தைகளைக் காட்டிலும் சிறுவர்களில் 30 விழுக்காடும் சிறுமிகளில் 70 விழுக்காடும் அதிகமாக இருந்தது. வயது குறைவாக இருந்ததைக் குணக் குறை என்று படித்துவிட்டார்கள். நம் வகுப்பறைகளிலும் "சொன்னால் புரியாது, ஒரு இடத்தில் நிற்காது" என்று பெயர் வாங்கும் ஜூலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஆசிரியரின் சற்றுக் கூடுதலான பொறுமை. அவர்களைத் தேதியைக் கூட்டிப் பார்த்து "ஐந்தாம் எண், புதன், நிலையில்லாத மனம்" என்று முடித்துவிட்டால் அந்தப் பொறுமைக்கு வேலையில்லாமல் போய்விடும்.

ஆகவே தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. பெரியவர்களுக்கான பலன்களை வாசகர்கள் விரும்புகிறார்கள் என்றால், குறுக்கெழுத்துப் போட்டியும் நகைச்சுவைத் துணுக்குகளும் வரும் பக்கத்தில் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் குணம், படிப்பு, நட்பு ஆகியவை பற்றித் தேதியைக் கொண்டு சொல்லும் பகுதியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதே இடத்தில் பெற்றோருக்குப் பயன்படும் தேதி விவரங்களை எழுத நிறைய இருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே தேதிக்கான ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பது கிராமங்களில் பலருக்குத் தெரியாது. சான்றிதழில் பெயர் சேர்க்காமலே விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது நகராட்சி அலுவலகத்துக்கு அலைகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அரசுப் பணியில் சேர்ந்தவர் தம் பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதானால் ஐந்து ஆண்டுகளுக்குள் கோர வேண்டும் என்ற விதியும் அவ்வாறே பலருக்குத் தெரியாமல் காலம் கடந்துவிடுகிறது.

எட்டாம் எண்ணில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய பலன் அடுத்த ஞாயிறு வெளிவரும் என்று சென்ற வார இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்குமுன் இக்கடிதம் தங்கள் மேசைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இதை விரைவஞ்சலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.